பிந்தி விழும் அடி

தோணி விளிம்பில் தட்ட வேண்டிய தடியை மடியில் போட்டுவிட்டுக் கேதீஸ்வரி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வலையை வளைத்துப் போட்டாயிற்று. இனித் தட்ட வேண்டும். தட்டினால்தான் மணலை மீன் மிரண்டு வலைக்குள் ஓடும். வலைக்கயிற்றைப் பிடித்தபடி புருஷன் நல்லரத்தினம் காத்திருந்தார்.

"என்னகா புள்ள, தட்டு. மீனெல்லாம் போகப்போகுது."

"கொஞ்சம் பொறுங்க."

போனில் ஓடிய வீடியோவில் மேவிஸ் பேசிக்கொண்டிருந்தாள். தலை நரைத்து, முன்பல் ஒன்று போய்விட்டது. ஆனால் வாய் மட்டும் அதே வாய். நாற்பத்தைந்து வருடத்துக்கு முன் லண்டனில், மேடைக்குப் போத்தல் வீசிய ஆம்பிளைகளை மைக்கைப் பிடித்துக் கிழி கிழியென்று கிழித்த வாய்.

'கோல்ட் கெட்டில்ஸ்.' நாலு பெண்கள் சேர்ந்த குழு. ஒருத்திக்கும் ஒழுங்காக வாசிக்கத் தெரியாது. பங்க் இசைக்கு அது போதும், கோபம் இருந்தால் சரி என்றாள் மேவிஸ். கோபத்துக்கா பஞ்சம்!

தாதிப் படிப்புக்குப் போன கேதீஸ்வரி அங்கே டிரம்ஸ் அடித்தாள். சின்ன வயதில் வாவியில் அப்பாவோடு போய்த் தட்டிய அதே தட்டுத்தான். வலது கையால் இரண்டு. தண்ணீர் அடங்கும்வரை பொறுத்து, இடது கையால் மூன்றாவது. பிந்துகிறது, பிழை, பிழை என்று கத்திய மேவிஸ், ஒரு கிழமைக்குள் அந்தப் பிழை இல்லாமல் பாடவே மாட்டேன் என்றுவிட்டாள்.

இப்போது குழுவின் முழுக் கதையையும் யாரோ படம் பிடித்து யூடியூப்பில் போட்டிருக்கிறார்கள். கேதீஸ்வரியை 'கேத்தி' என்றே கூப்பிட்டுப் பழகிய மேவிஸ் சொல்லிக்கொண்டே போனாள்.

எண்பத்தொன்றில் கேத்தியின் அம்மா பாரிசவாதத்தில் விழுந்தாள். பார்க்க ஊருக்குப் போனவளால் திரும்ப முடியவில்லை. இங்கே இசைத்தட்டுக் கம்பெனி ஒப்பந்தத்தோடு நின்றது. நீ வராமல் கையெழுத்துப் போடமாட்டோம் என்று மாதாமாதம் எழுதினோம். ஒரு வருடம் கழித்து அவளுடைய தம்பியிடமிருந்து கடிதம் வந்தது.

மேவிஸ் அதைக் கமராவுக்கு முன்னால் விரித்தாள். நீலக் கடிதம். எழுத்தெல்லாம் இடப்பக்கம் சாய்ந்து, சின்னப்பிள்ளை எழுதியதுபோல் இருந்தது.

அக்கா காய்ச்சலில் காலமாகிவிட்டா. வேறொருத்தியை வைத்து அடியுங்கள், அவவுக்காகக் காத்து நிற்க வேண்டாம் என்பதுதான் அவவின் கடைசி ஆசை.

கையெழுத்துப் போட்டார்கள். வேறொருத்தியை மட்டும் வைக்கவில்லை. கடைசிவரை டிரம்ஸ் இல்லாத பங்க் குழு என்றே பெயரெடுத்தார்கள். ஒவ்வொரு மேடையிலும் பின்னால் ஒரு வெறும் ஸ்டூல் இருந்தது. மூன்றாவது அடி விழ வேண்டிய இடத்தில் எல்லோரும் நிறுத்தி, அடி விழாதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடர்ந்தார்கள்.

"வாற மாசம் கடைசி மேடை" என்றாள் மேவிஸ், அவளுடைய இங்கிலீஷில். தம்பி உயிரோடு இருந்தால் இந்த வாட்ஸ்அப் இலக்கத்துக்கு ஒரு வார்த்தை போடட்டும். அவளுடையது என்று எதுவாவது இருந்தால் அனுப்பட்டும்.

அழாதவள் அழுதாள்.

கேதீஸ்வரி வீடியோவை நிறுத்தினாள். ஐயோ, அந்த ஸ்டூலில் ஒரு தரம், ஒரே ஒரு தரம் குந்த எவ்வளவு ஆசை! ஆனால் செத்துப்போனாள் என்று நாற்பத்து மூன்று வருடம் அழுதவளுக்கு முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பது? காறித் துப்பினாலும் துப்புவாள். அவளுக்கு அது வரும்.

'நான் கேதீஸ்வரியின் தம்பி' என்று இங்கிலீஷில் எழுதத் தொடங்கினாள்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு எழுத்தெழுத்தாக அழித்தாள்.

குரல் பதிகிற பொத்தானை அமத்திப் போனைப் பலகையில் வைத்தாள். தடியை எடுத்தாள்.

வலது கையால் இரண்டு. தண்ணீர் அடங்கியது. தடியை இடது கைக்கு மாற்றி மூன்றாவது.

திரும்பவும். திரும்பவும். கை வலிக்கும்வரை.

வலை குலுங்கியது. நல்லரத்தினம் சந்தோஷத்தில் கயிற்றை இழுத்து இழுத்துச் சத்தம் போட்டார். கேதீஸ்வரி அனுப்பிவிட்டு, இரண்டு கோடும் நீலமாகும்வரை கண்வெட்டாமல் பார்த்தாள்.

"ஆருக்குப் புள்ள இந்தச் சத்தத்த அனுப்புறாய்?"

"தம்பி முந்தி ஒரு காயிதம் பிழையா எழுதிப்போட்டான். அதத் திருத்தி அனுப்புறன்."

நல்லரத்தினம் கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தார்.

"விசரா உனக்கு? ஒத்தப் புள்ளயாப் பிறந்த உனக்கு எங்கால தம்பி?"