எப்போது பூக்கும்?

“இது எப்பக்கா பூக்கும்? ஏறக்குறையவாவது சொல்ல முடியுமா?”

நர்சரிக்காரி தலை நிமிர்ந்தாள். சாக்கை விரித்து உட்கார்ந்து, பூத்து முடித்து வாடத் தொடங்கிய அன்னாசி இனத்தைச் சேர்ந்த ஒரு ப்ரோமிலியாட் செடியின் அடியிலிருந்து கன்றுகளைக் கத்தியால் பிரித்துக்கொண்டிருந்தாள். எதிரே நின்ற பெண் செல்போனை நீட்டினாள். படத்தில் ஜன்னலோரமாக ஒரு தொட்டி. நீண்ட பச்சை இலைகள் வட்டமாக விரிந்திருந்தன. நடுவில் கிண்ணம்போல் குழிந்த இடத்தில் தண்ணீர்.

“இதே ஜாதிதான், நல்லாத்தான் வளர்த்திருக்கே. இது ஆயுசுக்கும் ஒரே தடவைதான் பூக்கும். அப்புறம் தாய்ச்செடி மெல்ல ஓய்ஞ்சிடும். ஆனா சும்மா போகாது, இதோ பாரு, கன்னு விட்டுட்டுத்தான் போகும். கன்னு தாயில பாதி உசரம் வந்ததும் பிரிச்சு நட்டுடலாம். ஆமா, உனக்கு என்ன அவ்வளவு அவசரம்?”

“என்னோட செடி இல்லக்கா, எங்க மாமியார் வெச்சது. அவங்க போனதும் மாமா ஒரு பெட்டியும் இந்தத் தொட்டியுமா எங்க வீட்டுக்கு வந்தாரு. எட்டு மாசமாச்சு. ‘இது பூக்கட்டும், பார்த்துட்டு என் வீட்டுக்குக் கிளம்பிடறேன்’னு தினமும் சொல்றாரு. அதான் கேட்டேன்.”

கத்தி பாதியில் நின்றது.

“அங்க அவருக்குத் துணைக்கு யாரு இருக்கா?”

“யாருமில்ல. பூட்டின வீடு.”

எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள்! நர்சரிக்காரிக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. போன வருஷம் அவளுடைய அண்ணியும் இப்படித்தான், தேன் ஒழுகப் பேசிக்கொண்டே அப்பாவின் சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கினாள். ‘மகள் வீட்டுக்குப் பாரமா வரமாட்டேன்’ என்று பிடிவாதம் பிடித்த அப்பா, இப்போது எங்கோ ஓர் ஒற்றை அறையில் தானே பொங்கித் தானே தின்கிறார்.

“பூக்கறதுக்கு என்னென்ன செய்யணும்கா? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

வழி இருக்கிறது. நல்ல வெளிச்சத்தில் வளர்த்து, ஒரு பழுத்த ஆப்பிளோடு சேர்த்துச் செடியைப் பிளாஸ்டிக் பையால் ஒரு வாரம் மூடிவைத்தால் போதும், இரண்டு மூன்று மாதத்தில் பூத்துவிடும். கேட்டவர்களுக்கெல்லாம் ஒளிக்காமல் சொல்லித் தந்த வழிதான். இன்று அவளுக்கு மனம் வரவில்லை.

“முதல்ல ஜன்னல்ல இருந்து எடுத்து இருட்டு மூலையில வை. அப்புறம், பழம் எதுவும் செடி கிட்டவே வரக்கூடாது. முக்கியமா ஆப்பிள். அதோட காத்து பட்டாலே மொட்டு உள்ளேயே கருகிடும்.”

பொய் பேசிப் பழக்கமில்லாததால் காது மடல் சுட்டது. அந்தப் பெண்ணோ ஒவ்வொன்றையும் கவனமாகப் போனில் எழுதிக்கொண்டாள்.

“இதையெல்லாம் செய்யலைன்னா?”

“செய்யலைன்னா பத்து வருஷம் ஆனாலும் வெறும் இலைதான். எழுதி வெச்சுக்கோ!”

“நிச்சயமாவா?”

“முப்பது வருஷமா செடியோட கிடக்கறேன். எனக்குத் தெரியாதா?”

அந்தப் பெண் நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டாள்.

“வயித்துல பாலை வார்த்தீங்கக்கா! தொட்டியை ஜன்னலைவிட்டு நகர்த்தவே மாட்டேன். ஆப்பிள் கூடையையும் இன்னைக்கே செடியை ஒட்டி வெச்சிடறேன். வீட்டுல வாயைத் திறந்து பேச எனக்கு இருக்கறது அவரு ஒருத்தருதான். அந்தப் பூட்டின வீட்டுக்கு அவரை அனுப்பிட்டு நான் என்னக்கா செய்வேன்?”

சொல்லிக்கொண்டே அவள் தெருமுனை வரை போய்விட்டாள். நர்சரிக்காரி கத்தியைப் போட்டுவிட்டு, மண் கையோடு பின்னால் ஓடினாள்.

“ஏம்மா, நில்லு, நில்லு! நான் சொன்னதெல்லாம் அது பூக்காம இருக்கறதுக்கு!”