முதல் துண்டு

காலையில் பதுருன்னிசா அடுப்பு மூட்டுவாள். முந்தின நாள் காட்டில் தோண்டிய கிழங்கை அலசி, தோல் உரித்து, பானையில் போடுவாள். வெந்ததும் முதல் துண்டைத் தானே எடுத்துத் தின்பாள்.

அது அவள் கணவன் அப்துல் அலீமுக்குப் பிடிக்கவில்லை. அவன் வளர்ந்த வீட்டில் அம்மாவோ அக்காவோ ஆண்களுக்கு முன்னால் வாயில் எதையும் வைத்ததில்லை.

ஜப்பான்காரர்கள் பிடித்து, சிங்கப்பூர் ஷோனான் ஆகி இரண்டு வருடம் ஓடியிருந்தது. அலீம் வேலை பார்த்த ஆங்கிலப் பள்ளி மூடிக் கிடந்தது. நகரத்து ஆட்களைக் காட்டில் குடியேற்றப் போகிறார்கள் என்ற பேச்சு வந்ததும், பெற்றோர்கள் பிள்ளைகளை அவனிடம் அனுப்பினார்கள். சென்னையில் தாவரவியல் படித்தவன், காட்டில் பிழைக்கக் கற்றுக்கொடுப்பான் என்று நம்பினார்கள்.

காலையில் ஃபேரர் பார்க் வீட்டு முற்றத்தில் பாடம். பிறகு எல்லோருக்கும் ஆளுக்கு இரண்டு துண்டு கிழங்கு. அதைத் தின்றுவிட்டு புக்கிட் தீமா காட்டுப் பக்கம் நடப்பார்கள். ஈர விறகைப் பற்றவைப்பது, மூங்கிலிலிருந்து தண்ணீர் எடுப்பது, எதைத் தின்னலாம் என்று கண்டுபிடிப்பது எல்லாம் அங்கேதான்.

"அடையாளம் தெரியாத கிழங்கை எல்லாரும் ஒண்ணா உக்காந்து தின்னக்கூடாது," என்றான் ஒருநாள். "ஒருத்தர் மட்டும் தின்னணும். மத்தவங்க பொறுத்துப் பாக்கணும்."

"யாரு சார் அந்த ஒருத்தரு?" என்று கேட்டான் சேக் தாவூது. "எங்க மாமாவ தின்னச் சொல்லலாமா? ரேஷன் அரிசிய பூரா அவருதான் முடிக்கிறாரு."

பிள்ளைகள் சிரித்தார்கள். சமையலறையில் பதுருன்னிசா சிரிக்கும் சத்தமும் கேட்டது.

"நமக்கு அது வேண்டியதில்ல," என்றான் அலீம். "நான் பாத்து நல்லதுன்னு சொன்னதத்தான் நீங்க தின்னுறீங்க."

பதுருன்னிசா முதலில் தின்பதோடு நிற்கவில்லை. தின்றபின் பிள்ளைகளுக்குப் போடவும் தாமதித்தாள். கை கழுவினீங்களா என்பாள். முற்றத்தைக் கூட்டச் சொல்வாள். பானையை விட்டு மட்டும் நகர மாட்டாள்.

பக்கத்து வீட்டு ருக்கையா லாத்தா சுவருக்கு மேலாகப் பார்த்துச் சிரித்தாள். "என்ன தம்பி, உங்க வீட்டுல பொம்பளைதான் முதல் பந்தியா?"

பிள்ளைகள் காதிலும் அது விழுந்தது. அலீமுக்கு முகம் சுட்டது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினான்.

"இத்தனை பிள்ளைங்க பசியோட உக்காந்திருக்கு. நீ முதல்ல தின்னுறியே, வெக்கமா இல்லயா?"

அவள் பானை மூடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பசிக்குதுங்க," என்றாள்.

அன்று மாலை காட்டிலிருந்து திரும்பும்போது லட்சுமி ஒரு பருத்த கிழங்கைத் தூக்கிக் காட்டினாள். "சார், இது நல்லதா?"

அலீம் கொடியைப் பார்த்தான். இலையைக் கசக்கி முகர்ந்தான். "நல்லதுதான். நாளைக்கு இதுவே எல்லாருக்கும் போதும்."

மறுநாள் பதுருன்னிசா சமையலறையின் சாக்குத் திரையை இழுத்துவிட்டுக்கொண்டாள். திரைக்குப் பின்னால்தான் தின்கிறாள் என்று அலீமுக்குத் தெரிந்தது. தெரியாததுபோல் பாடம் நடத்தினான்.

பாடம் முடிந்தது. பிள்ளைகள் தகரத் தட்டுகளோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். பானை வரவில்லை.

"சார், அக்கா இன்னும் சாப்பிட்டு முடிக்கலையா?" என்றது ஒரு குரல். தட்டுகளுக்குப் பின்னால் சிரிப்பு எழுந்தது.

அலீம் எழுந்து போய்த் திரையை விலக்கினான்.

பதுருன்னிசா தரையில் சரிந்து கிடந்தாள். ஒரு கை வயிற்றைப் பிடித்திருந்தது. இன்னொரு கை அப்போதும் பானை மூடியை அழுத்திக்கொண்டிருந்தது. அவனைப் பார்த்ததும் உதடுகள் அசைந்தன. அவன் குனிந்து கேட்டான்.

வெளியே வந்தபோது அவன் முகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். "இன்னைக்குச் சாப்பாடு கிடையாது. வீட்டுக்குப் போங்க," என்றான்.

டாக்டரைத் தேடி ஆள் போனது. அவர் வருவதற்குள் முடிந்துவிட்டது.

மதியம் வீடு நிறைந்தது. "பசியில அவசரப்பட்டுத் தின்னிருப்பா, தொண்டையில அடைச்சிருக்கும்," என்றாள் ருக்கையா லாத்தா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "முதல் துண்டு இல்லாம அவளுக்கு ஆகாதே, பாவம்."

அலீம் மறுக்கவில்லை. தலை குனிந்தே இருந்தான்.

"பானையில இருந்த கிழங்கு எங்க தம்பி? இங்க சின்னப் பிள்ளைங்க பட்டினியா இருக்கு."

"கொட்டிட்டேன் லாத்தா."

"இந்தக் காலத்துல சாப்பாட்ட யாராவது கொட்டுவாங்களா?"

அவன் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டான். விரல் நகங்களில் மண் இருந்தது. கொல்லையில் குழி தோண்டியபோது ஏறிய மண்.

மையத்தை அடக்கத்துக்குத் தூக்கும் முன் பெரியவர் நூர்தீன் அருகில் வந்து தோளைத் தொட்டார். "கடைசி நேரத்துல நீதானே பக்கத்துல இருந்தே. கலிமா சொன்னாளா?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"சொன்னா," என்றான் அலீம்.

அவள் சொன்னது வேறு.

"நான் தின்னு பாத்துட்டேங்க. பிள்ளைங்களுக்குப் போட்டுடாதீங்க."