ரெப்ளிகா இருக்கிறதே

மேனேஜர் சந்திரமோகன் சாரின் வேலை இன்றோடு போய்விடும் என்று கரோலினுக்குத் தெரிந்துவிட்டது. பாவமாக இருந்தது. சோதனை சர்வர் என்று நினைத்து நிஜ சர்வரில் கைவைத்துவிட்டார். அவர்கள் வேலை பார்க்கும், ஹப்சிகுடாவிலிருந்து நடக்கும் அந்த ரத்தப் பரிசோதனை கம்பெனியின் இரண்டு லட்சம் நோயாளிகளின் விவரங்கள் அடியோடு அழிந்துபோயின.

"ரெப்ளிகா சர்வர்ல இருக்குமே?" என்றார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அதுலயும் போயிருச்சு சார். இந்த சர்வர்ல என்ன பண்ணினாலும் அடுத்த செகண்ட் அதுலயும் அப்படியே நடக்கும். அதுக்குத்தானே அது."

தனியாக பேக்கப் வேண்டும் என்று அவள் மூன்று முறை கேட்டிருந்தாள். ரெப்ளிகா இருக்கிறதே, அப்புறம் எதற்கு வெட்டிச் செலவு என்று மூன்று முறையும் தட்டிக் கழித்த புண்ணியவான் இவர்தான்.

சொல்லிக் காட்ட அவளுக்கு மனம் வரவில்லை. டிராயரைத் திறந்து ஒரு ஹார்ட் டிஸ்க்கை எடுத்தாள். மனசு கேட்காமல் சொந்தக் காசில் வாங்கி, தினமும் காலையில் வந்ததும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். மதியத்துக்குள் எல்லாம் பழையபடி வந்துவிட்டது.

சந்திரமோகன் கண் கலங்கிவிட்டார். நாலு வருஷமாக கான்ட்ராக்டிலேயே இழுத்தடிக்கிறார்களே, உன்னை நிரந்தரமாக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்றார். நடந்ததை மெயிலில் எழுதச் சொன்னார். நகல் எதில் இருந்தது, எத்தனை நாளாக எடுக்கிறாள் என்பதெல்லாம் விவரமாக வேண்டுமாம், மேலே அனுப்புவாராம்.

"என் பேரு மட்டும் நக்கோ, போட்டுடாதே கரோலின். ரெண்டு பிள்ளைங்க படிக்குது."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அழித்தது யார் என்பதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதி அனுப்பினாள். லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் கணவன் யேசுதாஸுக்கு உடனே போன் போட்டு, வேலை நிரந்தரமாகப் போகிறது என்று சொல்லியும்விட்டாள்.

நாலு மணிக்கு எச்.ஆர். காஞ்சனா கூப்பிட்டனுப்பினாள். அறையில் சந்திரமோகனும் இருந்தார். மேசைமேல் கரோலின் பெயர் போட்ட கவர் ஒன்று இருந்தது.

சிரித்த முகத்தோடு பிரித்துப் படித்தாள். திரும்பப் படித்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

சந்திரமோகன் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"பேஷன்ட் டேட்டாவ சொந்த டிஸ்க்குல எடுத்தேன்னு நீயே எழுதிக் குடுத்தா, வேலையில எப்படிம்மா வெச்சுக்கறது?"