கடைசி சைக்கிள்

நாலு நாள் கூடாரம் போட்டுத் தங்கி, சைக்கிளிலேயே ஊர் சுற்றிய பிள்ளைகள் பள்ளி மைதானத்துக்குள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள்.

"எங்க வீட்டுப் பையன்தான் முதல்ல வந்தான். உங்க பொண்ணை இன்னும் காணோமே?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"வந்துடுவா," என்றார் பஸ் டிரைவர். குரலில் சுரத்தே இல்லை.

எல்லோரும் வந்து சேர்ந்த பிறகுதான், கையெல்லாம் கிரீஸோடு அவர் மகள் வந்து இறங்கினாள்.

"என்னம்மா, கடைசியா வர்றே?"

"நாலு நாளும் கடைசிதான்பா."

"என் பஸ் ஒருநாள்கூட லேட்டானதில்ல. என் பொண்ணு நீ..."

முதலில் வந்த பையன் குறுக்கிட்டான். "திட்டாதீங்க மாமா. யாருக்குப் பஞ்சரானாலும், யார் முடியலைன்னு உட்கார்ந்தாலும், கடைசி சைக்கிள்தான் நின்னு கூட்டிட்டு வரணும். யாரையும் விட்டுட்டு வரக்கூடாது. அந்த இடத்துக்கு எங்களுக்குள்ள ஓட்டெடுப்பு வச்சோம். நானும் நின்னேன். எனக்கு ரெண்டே ஓட்டு. மிச்சமெல்லாம் இவளுக்குத்தான்."

டிரைவர் மகளின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

வாசலில் வாட்ச்மேன் கேட்டார். "பாப்பா எத்தனாவதா வந்துச்சு சார்?"

"கடைசி," என்றார் டிரைவர், மைதானத்துக்கே கேட்கும்படி.