பட்டன் சார்

கடகடவென்று ஒரு ரயில் வந்தது. பாலத்தில் ஏறியதும் சத்தம் கனத்தது. பிறகு தேய்ந்து தேய்ந்து, எங்கோ தொலைவில் ஒரு கூவல்.

"நாம இப்ப எங்க இருக்கோம்? சொல்லு பார்ப்போம்" என்று வாசலில் ஒரு குரல்.

வகுப்பறைத் தரையில் சம்மணமிட்டுக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த ஸ்பீக்கர்காரன் திடுக்கிட்டுத் திரும்பினான். கணக்கு டீச்சர். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், இதே எட்டாம் வகுப்பு அறையில் அவனோடு படித்தவள். இப்போது இங்கேயே வேலை.

"ஆத்துப் பாலம். பத்துக்குப் பத்து போடு."

அவன் மடியில் பழைய டேப் ரிக்கார்டர். பக்கத்தில், அலமாரியிலிருந்து இறக்கிய பெட்டி நிறைய கேசட்டுகள். சுவரில் அவன் பாதி மாட்டியிருந்த புது ஸ்மார்ட் போர்டு. நாளைக்குத் திறப்பு விழா. திறந்துவைக்க வருகிறவர் அவர்களுடைய பூகோள வாத்தியார். பிள்ளைகள் வைத்த பெயர் பட்டன் சார்.

பாடம் நடத்த அவர் வாயைத் திறந்ததே இல்லை. வருவார், பட்டனை அமுக்குவார், ஜன்னலோரம் போய் நின்றுகொள்வார். டேப்புக்குள்ளிருந்து அவர் குரல் பாடம் சொல்லும். நடுநடுவே துறைமுகத்துச் சங்கு, மில் ஓடும் சத்தம், தகரக் கூரையில் மழை. எல்லாம் அவரே அலைந்து பிடித்துவந்தவை. கேட்டுவிட்டு எந்த இடமென்று எழுதவேண்டும். சரியா தப்பா என்பதற்கு ஒரு தலையாட்டல், அவ்வளவுதான்.

"நீ ஸ்பீக்கர் மாட்டப் போனதே இந்த டேப்பைக் கேட்டுத்தான்டா. ஆனா அவர் பேரை எடுத்தா மட்டும் மூஞ்சி கோணிக்குது."

"கோணாம? கடல் ஏன் உப்பா இருக்குன்னு கேட்டேன். ஒரே ஒரு கேள்வி. என்னையே பார்த்தார், பட்டனைத் தட்டிட்டுப் போயிட்டார். மறுநாள் டேப்புல வருது பதில்! மொத்த கிளாஸும் என்னைப் பார்த்துச் சிரிச்சுது. வாயைத் திறந்து சொன்னா முத்து உதிர்ந்துடுமா?"

"அதுக்குத்தான் இந்த வயசுல பழிவாங்கறியாக்கும்."

"பழி என்ன பழி? ஒரு அரைமணி நேரம் பேசட்டுமே. இத்தனை வருஷமா சேர்த்துவெச்ச பேச்சு இருக்குமில்ல?"

யோசனை அவனுடையதுதான். முன்கூட்டியே சொன்னால் வரமாட்டார். மைதானத்து மேடையில் ஏறியதும் மைக்கைக் கையில் கொடுத்துவிட வேண்டியது. பழைய மாணவர்கள் இருநூறு பேருக்கு முன்னால் எப்படித் தப்பிப்பார், பார்க்கலாம். எல்லாருக்கும் அது பிடித்துப்போயிற்று.

"சரி சரி, விழாவுல போட டேப்புல நல்ல துண்டா ஒண்ணு எடுத்து வை. எனக்குப் பேப்பர் மலையா குவிஞ்சிருக்கு."

டீச்சர் விடைத்தாள் கட்டோடு பின்பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அவளுக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாதென்று அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். பெட்டியின் அடியில், மேலே எதுவும் எழுதாத ஒரு கேசட். போட்டான்.

"க..."

டக்கென்று நின்றது. மறுபடி ஓடியது.

"க... க... க..."

டக்.

நாடா சிக்கிக்கொண்டதோ என்று மூடியைத் திறந்து பார்த்தான். ஒழுங்காகத்தான் இருந்தது.

"க... க... கட..." டக். "கடல்ல உ... உ... உ..." டக்.

பட்டன் சாரின் குரல்தான். ஆனால் இப்படி அவன் கேட்டதே இல்லை. ஒரு சொல் வருவதற்குள் நாலு தடவை நின்றது. அது வந்ததும் அடுத்த சொல்லோடு மல்லுக்கட்டு. மழை பாறையைக் கரைத்து, ஆறு அதைக் கடலில் கொண்டு சேர்த்து... அன்றைக்குக் கேட்ட இரண்டு நிமிஷப் பதில், இங்கே ஒரு பக்க நாடா முழுக்க மூச்சுத் திணறியது. நல்லபடியாக வந்த சொற்களை மட்டும் பொறுக்கி இன்னொரு கேசட்டில் ஒட்டவைத்து, அதைத்தான் வகுப்புக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

கடைசியில் ஒரு பெண்குரல், அலுப்போடு: "சாப்பாடு ஆறிப் பச்சைத் தண்ணியாப் போச்சு. அந்தப் பையன் புத்தகத்துல பார்த்துக்க மாட்டானா?"

"அ... அவன் எ... என்னைத்தானே கே... கேட்டான்."

டக். அதோடு சரி.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கே? ஏதாவது கிடைச்சுதா?"

அவன் ஹெட்போனைக் கழற்றினான். கேசட்டை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டான். மேசைக்குப் போய், டீச்சருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, விழாவுக்கு வைத்திருந்த மைக்கின் அடிமூடியைத் திருகி உள்ளேயிருந்த ஒயரை வெடுக்கென்று இழுத்தான்.

"டீச்சரம்மா, மைக் அவுட்டு."

"விளையாடாதே! காலையிலதானே மணி மாதிரி இருக்குன்னே?"

"இப்பப் போச்சு. நாளைக்கு யாரும் பேச வேணாம். சார் வந்து போர்டுல பட்டனை அமுக்கட்டும். மைதானத்து ஸ்பீக்கர்ல ரயிலை ஓடவிடறேன். எல்லாரும் கண்ணை மூடிக் கேப்போம்."

"ஊர்ல வேற மைக்கே கிடையாதா?"

"நான் வேலை பார்க்கிற மேடையில அடுத்தவன் மைக்கா? நடக்காது."

"மைக் இல்லாம மேடை போட்டான்னு உன்னைத்தான்டா எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்" என்றபடி அவன் ஏணியில் ஏறி, போர்டின் மூன்றாவது ஸ்க்ரூவை முடுக்க ஆரம்பித்தான்.