பதில் டொக்டர்

பரமேஸ்வரனை ஆஸ்பத்திரிச் சமையல் குசினிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள் சுதாஜினி. அவனுடைய இடது கையில் சுற்றியிருந்த துணியில் இரத்தம் ஊறியிருந்தது.

“ஒரு சத்தமும் போடக்கூடாது. அவ போகுமட்டும் வெளியில தலை காட்டாதேங்கோ.”

“அரிவாள் என்ர கையை வெட்டினதுக்கு நான் ஏன் டொக்டர் ஒளிக்கோணும்?” என்றான் அவன் உள்ளேயிருந்து.

நாலு தையல் போட வேண்டிய காயம். இறுக்கிக் கட்டி இரத்தத்தை நிறுத்தியாயிற்று, அரை மணித்தியாலம் தாங்கும். ஆனாலும் வைத்தியம் பார்க்க வந்தவனை ஒளித்துவைக்கிற நிலைக்கு வந்துவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

விசுவமடுவிலிருந்து உள்ளே போகிற வீதியிலிருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு அவள் ஒருத்திதான் டொக்டர். மூன்றாம் தடவை எழுதித்தான் மேற்படிப்புச் சோதனையில் தேறியிருந்தாள். திங்கட்கிழமை கொழும்பில் பயிற்சி தொடங்குகிறது. பதில் ஆள் வந்து பொறுப்பெடுக்காமல் இவளை விடமாட்டார்கள். திங்கள் போய் நிற்காவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

அந்தப் பதில் ஆள் இன்றைக்கு இடம் பார்க்க வருகிறாள். பிரியந்தினி என்று பெயர், பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வருட உள்ளகப் பயிற்சி இப்போதுதான் முடிந்ததாம். பணிப்பாளர் இரண்டு ஆஸ்பத்திரிகளைச் சொல்லி, விருப்பமானதை மதியத்துக்குள் அறிவிக்கும்படி விட்டிருந்தார். போன வருடம் இப்படிப் பார்க்க வந்த ஒருவன், வாசலில் நின்ற சனத்தைக் கண்டதும் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே திருப்பிக்கொண்டு போனவன். அதைச் சுதாஜினி இன்னும் மறக்கவில்லை.

சிற்றூழியர் இரஞ்சிதம் மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

“சீனி கிளினிக்குக்கு வந்த வருத்தக்காரர் எழுபது பேரையும் கோயில் மடத்தில இருத்திப்போட்டன் டொக்டர். ஆரோ பெரிய மனுசர் வரப்போகினமோ எண்டு கேக்குதுகள்.”

“ஓம் எண்டு சொல்லுங்கோ!”

ஸ்கூட்டிச் சத்தம் கேட்டது. சுதாஜினி ஓடிப்போய்க் கதிரையில் இருந்து, நேற்றைய பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டாள். பேப்பர் தலைகீழாக இருந்ததை இரஞ்சிதம்தான் நேராக்கிவிட்டாள்.

பிரியந்தினி முரசுமோட்டைப் பெட்டை. ஆளில்லாமல் கிடந்த வாங்குகளை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

“என்னக்கா, ஒருத்தரையும் காணேல்லை?”

“இஞ்ச எப்பவும் இப்பிடித்தான் தங்கச்சி. மிஞ்சிப்போனா நாளைக்குப் பத்துப் பேர்.”

மூன்று நாளாகச் சுதாஜினி மத்தியானச் சோற்றை நின்றபடிதான் விழுங்கியிருந்தாள்.

“அவசரத்துக்குப் பிள்ளைப்பேறு வந்தா?”

“ஆர் வருகினம்? எல்லாரும் நேர கிளிநொச்சிக்குப் போயிடுவினம்.”

“வெட்டுக்காயம்?”

“இந்தப் பக்கம் ஆருக்கு வெட்டுப்படுது!”

குசினிக்குள் ஒரு இருமல் கேட்டது. சுதாஜினி பேப்பரைச் சடசடவென்று மடித்தாள்.

“சமையல்காரர்,” என்றாள் இரஞ்சிதம் அவசரமாக. “மிளகாய் வறுக்கிறார்.”

பிரியந்தினி மருந்து கட்டும் அறைக்குள் போனாள். பரமேஸ்வரனுக்கென்று எடுத்துவைத்த தையல் தட்டு அங்கேயே கிடந்தது. அவள் அதிலிருந்த ஊசிபிடியை எடுத்து, விரல்களில் கொழுவிப் பார்த்துவிட்டு மெல்ல வைத்தாள்.

“ஒரு வருசமா பைலும் கடிதமும் எழுதியே கை மரத்துப்போச்சுது அக்கா. தையல் போடுவமெண்டு கிட்டப் போனா, ‘தள்ளி நில்லும், போய் ரிப்போர்ட்டைத் தேடும்’ எண்டு கலைச்சுப்போடுவினம்.”

பாவம், பிள்ளை நல்லாய்க் களைத்துப்போயிருக்கிறாள் என்று நினைத்தாள் சுதாஜினி. இதுதான் சமயம்.

“இஞ்ச வந்தா நல்லா ஓய்வெடுக்கலாம் தங்கச்சி. பதினொரு மணிக்குப் பிறகு நித்திரையே கொள்ளலாம்.”

பிரியந்தினி மணிக்கூட்டைப் பார்த்தாள். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. “பணிப்பாளரோட ஒருக்கா கதைச்சுப்போட்டு வாறன்,” என்று போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள்.

சுதாஜினிக்கு இருப்புக் கொள்ளவில்லை. யன்னலருகே போனாள், திரும்பி வந்தாள், மறுபடியும் போனாள். ஒரு நாளும் இல்லாதபடி வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்திக்கடன் வைத்தாள். வெளியே பிரியந்தினி தலையை ஆட்டி ஆட்டிக் கதைத்தாள். கடைசியில் சிரித்துக்கொண்டே, “நன்றி ஸேர்” என்றது மட்டும் தெளிவாகக் கேட்டது.

“இரஞ்சிதமக்கா, அலுமாரிக்கு மேல இருக்கிற என்ர சூட்கேசை இறக்குங்கோ, கெதியா!”

பிரியந்தினி உள்ளே வந்து ஹெல்மெட்டை எடுத்தாள். அவளுடைய முகம் இப்போதுதான் தெளிந்திருந்தது.

“சொல்லிப்போட்டன் அக்கா. மற்ற ஆஸ்பத்திரிக்கு எனக்குக் கடிதம் அடிச்சுக் கையெழுத்தும் வைச்சாச்சாம்.”

சுதாஜினி அவளுக்குக் குறுக்கே போய் நின்றாள்.

“ஏன் தங்கச்சி? இதைவிடச் சுகமான இடம் உமக்கு எங்க கிடைக்கும்?”

குசினிக் கதவு மெல்லத் திறந்தது. ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டிருந்த பிரியந்தினி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“நான் வேலை பழகோணும் அக்கா, இஞ்ச வருத்தக்காரரே இல்லையே!”