வினோதினியின் வலது முட்டி

வினோதினி இடது காலால் உதைத்தாள்.

சுவர்போல் நின்ற நான்கு பெண்களின் தலைக்கு மேலே வளைந்து போய், பந்து வலையின் மூலையில் விழுந்தது. கோல்கீப்பர் அசையவே இல்லை.

ஓரத்தில் நின்றிருந்த ஞானப்பிரகாசம் அவள் வலது காலைப் பார்த்தார்.

அவள் வலது கால் ஆட்டக்காரி. கல்லூரியில் மூன்று வருடம் அவர்தான் அவளுக்குப் பயிற்சியாளர். முட்டியில் அடிபட்ட பிறகு, இந்த ஒன்பது மாதத்தில் அவள் இன்னொரு காலைப் பழக்கியிருக்கிறாள்.

எந்த மைதானத்தில், எந்தச் சுவரில் தனியாக அடித்துப் பழகினாளோ.

இப்போது அவர் லீக் அணி ஒன்றின் பயிற்சியாளர். பதினெட்டுப் பேரை எடுக்க வேண்டும். பதினேழு பெயர்கள் முடிவாகிவிட்டன. நடுக்களத்தில் நின்று ஆட்டத்தை நடத்த ஒருத்தி வேண்டும். அதற்கு இரண்டு பேர் மிஞ்சியிருந்தார்கள்.

நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த பெண் சுமாராக ஆடுவாள். ஆனால் சளைக்காமல் ஓடுவாள்.

இன்னொருத்தி வினோதினி.

பந்து காலுக்கு வருவதற்கு முன்பே, அடுத்து அது எங்கே போக வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். இருபது வருடத்தில் அப்படி வேறு ஒருத்தியை அவர் பார்த்ததில்லை.

அணியின் பிசியோ ஹேமா ஸ்கேன் படத்தை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். வலது முட்டியில் ஜவ்வு கிழிந்து, ஆபரேஷன் செய்திருந்தார்கள்.

“பாக்க நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா திரும்புறப்ப அந்தக் கால்ல வெயிட்டே போட மாட்டேங்குறா. மறுபடி ஒருவாட்டி போச்சுன்னா ஆட்டத்த விடுங்க, மாடிப்படி ஏறுறதே கஷ்டம்.”

“எடுக்கலாமா, வேணாமா? அத சொல்லு.”

“நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார். எடுத்துதான் ஆகணும்னா உங்க பொறுப்பு.”

அவருக்கு எடுக்கத்தான் ஆசை.

முதல் ஐந்தாறு ஆட்டங்களுக்கு பெஞ்சில் உட்கார வைக்கலாம். பிறகு கடைசி இருபது நிமிடம் மட்டும் இறக்கலாம். பந்தைத் தொட்டுத் தொட்டுக் கொடுத்தால் போதும், ஓட வேண்டாம் என்று சொல்லலாம்.

சொல்லலாம். ஆனால் தன்னைப் பற்றி அவருக்குத் தெரியும். ஒரு கோல் பின்தங்கியிருக்கும்போது அவர் பெஞ்சைத் திரும்பிப் பார்ப்பார்.

அவள் அதற்குள் எழுந்து நின்றிருப்பாள்.

போன வருடம் அப்படித்தான் நடந்தது.

கல்லூரிகளுக்கான இறுதிப் போட்டி. இடைவேளையில் அவள் முட்டி வீங்கியிருந்தது. வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். பொய் என்று தெரிந்தும் நம்பினார். வலி தெரியாமலிருக்க ஊசி போடச் சொல்லி மறுபடியும் இறக்கிவிட்டார்.

எழுபதாவது நிமிடத்தில் அவள் விழுந்தாள். யாரும் இடிக்கவில்லை. பக்கத்தில் யாருமே இல்லை. திரும்பினாள், விழுந்தாள்.

கோப்பை கிடைத்தது.

அந்தக் கோப்பையைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த வேலையைக் கொடுத்தார்கள்.

நாகர்கோவில் பெண்ணின் பெயரை எழுதினார். பட்டியலை ஹேமாவிடம் கொடுத்துவிட்டு மைதானத்துக்குள் நடந்தார்.

வினோதினி கோல் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழப் பார்த்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு அவரும் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தார்.

சொல்ல வேண்டியதையெல்லாம் வழியில் யோசித்து வைத்திருந்தார். வாயில் வந்தது இது மட்டும்தான்.

“இந்த வருஷம் வேணாம்மா.”

அவள் பூட்ஸ் கயிற்றை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள். மறுபடி சுற்றினாள்.

“வலியே இல்ல சார்.”

அவர் ஒரு புல்லைக் கிள்ளி எடுத்தார்.

“நெஜமாவே இல்ல சார். அன்னைக்குச் சொன்ன மாதிரி சொல்லல.”

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தூரத்தில் பதினெட்டுப் பெயர்களையும் ஹேமா உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சின்னச் சத்தம் எழுந்து அடங்கியது. படித்து முடிக்கும்வரை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவள் பையிலிருந்து செல்போனை எடுத்து, எண்ணை அழுத்தி, அவரிடம் நீட்டினாள்.

“அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க சார். என்னால முடியாது.”

மணி ஒருமுறை அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள். பண்ருட்டிப் பக்கம் ஒரு கொட்டகையில் அவள் அம்மாவுக்கு முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. பின்னால் டக், டக்கென்று பல கைகள் உடைக்கும் சத்தம் கேட்டது.

“அம்மா, நான் ஞானப்பிரகாசம் பேசுறேன்.”

“ஐயோ சாரா! வணக்கம் சார். செலக்‌ஷனுக்கு நீங்கதான் வர்றீங்கன்னு பாப்பா சொன்னப்பவே எனக்குப் பயமெல்லாம் போயிடுச்சு சார். அவளப் பத்தி உங்களுக்குத் தெரியாததா?”

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

“ஏய், செத்த சும்மா இருங்கடி, சார் பேசுறாரு,” என்று அந்த அம்மா யாரிடமோ சொன்னது கேட்டது. கொட்டை உடைக்கும் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. கொட்டகை முழுவதும் அமைதியானது.

“ஸ்பீக்கர்ல போட்டுட்டேன் சார். எல்லாரும் கேக்குறாங்க. சொல்லுங்க சார்.”

வினோதினி காலை நீட்டி, இரண்டு கைகளாலும் முட்டியை மூடிக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருந்தாள்.

“நல்லா ஆடுனாம்மா,” என்றார்.

மேற்கொண்டு அவர் ஒரு சொல் சொல்வதற்குள், மறுமுனையில் பெண்கள் எல்லோரும் ஒரே குரலாகக் குலவையிட்டார்கள்.